கொடி ஏற்றக் கற்ற கதை

மதுரையில் நாங்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிய சந்தில், பந்தை நட்டுக்குத்தாக மேலே அடித்துவிட்டவனைப் பார்த்து “கொடி ஏத்திட்டான்டா!” என்று எல்லோரும் கூவுவோம். அடித்தவனுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. பந்து கீழே வருவதற்குள் மட்டையைப் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுவான். அந்தக் கொடியை வேண்டுமென்றே ஏற்றுவதற்கு எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

நடந்தது அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில், ஒரு பல்கலைக்கழக பேஸ்பால் அணியில். அங்கே ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வோர் அணியும் பத்து நிமிடம்போல மைதானத்தில் இறங்கி ஃபீல்டிங் பழகும். பயிற்சியாளர் ஒருவர் மட்டைக்காரர் நிற்கும் ஹோம் பிளேட் பக்கத்தில் நின்று, பந்தைத் தானே தூக்கிப் போட்டுத் தானே அடிப்பார். தேர்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப், செகண்ட் பேஸ், ஃபர்ஸ்ட் பேஸ் என்று வரிசையாகப் பந்து போகும், திரும்பி வரும். கடைசிப் பந்து, நம் விக்கெட் கீப்பர்போல பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் கேட்சருக்கு. பிளேட்டுக்கு மேலே, ஏறக்குறைய நேராக, கண் கூசுகிற உயரத்துக்குப் போக வேண்டும். கேட்சர் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு அண்ணாந்து நின்று பிடிப்பார். பிடித்த நிமிடம் மொத்த அணியும் கூச்சலோடு உள்ளே ஓடும். அரங்கில் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் அந்த ஒரு பந்துக்குத்தான் தலை நிமிர்வார்கள். மற்ற ஐம்பது பந்தையும் சரியாக அடித்துவிட்டு இந்த ஒன்றில் கோட்டை விட்ட பயிற்சியாளர்கள் உண்டு. அவர்களை நோக்கி எதிரணி உட்கார்ந்திருக்கும் டக்அவுட்டிலிருந்து வரும் கிண்டலை இங்கே எழுத முடியாது.

2021 ஆகஸ்ட்டில் புள்ளியியல் எம்.எஸ். படிக்கப் போனேன். துறைப் பலகையில் ஒரு துண்டுத்தாள்: பேஸ்பால் அணிக்குத் தரவு பார்க்கத் தெரிந்த மாணவர் தேவை. ஏதோ ஓர் அணியல்ல. கல்லூரி பேஸ்பாலின் கடைசி எட்டு அணிகள் மோதும் ஒமாஹா நகரத்துக்குப் போய் வந்த அணி. 1950 முதல் அந்தப் போட்டி நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த ஊரில்தான் நடக்கிறது. பயிற்சியாளர்கள் வாயில் ‘ஒமாஹா’ என்பது ஊர்ப்பெயராக இல்லை, மோட்சத்தின் பெயராக இருந்தது. நேர்முகத்தில் பேட்டிங் பயிற்சியாளர் ‘ஆர் தெரியுமா, பைத்தான் தெரியுமா’ என்று கேட்டார். தெரியும் என்றேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள். போனேன். முப்பத்தைந்து பேருடைய அழுக்கு உடுப்பை இரண்டு தள்ளுவண்டியில் ஏற்றி என் கையில் கொடுத்தார்கள்.

மாணவர் மேனேஜர் என்பது என் பதவி. மேனேஜர் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு அம்மா தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். துவைப்பது, தண்ணீர் நிரப்புவது, பந்து பொறுக்குவது, இரவில் பந்தை அளக்கும் டிராக்மேன் ராடார் துப்பிய கோப்புகளைச் சுத்தம் செய்து காலைக்குள் அறிக்கை ஆக்குவது, இவ்வளவும் மேனேஜர் வேலை. கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்புத்தகத்தில் எனக்கென்று ஒரு பத்தியே இருந்தது. மேனேஜர் பயிற்சியில் ஒத்தாசை செய்யலாம்; பந்து எறியலாம், அடித்துக் கொடுக்கலாம். ஆனால் ஆட்டக்காரர்களுக்கு எதையும் சொல்லித்தரக் கூடாது. ‘முட்டியை மடக்கு’ என்று ஒருவனிடம் சொன்னால் அது விதிமீறல். அதைப் படித்தபோது சிரித்தேன். நான் யாருக்கு என்ன சொல்லித்தரப் போகிறேன்?

அணியை நடத்திய நால்வரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நால்வருக்கு மேல் வைத்துக்கொள்ள அப்போது அனுமதி இல்லை. தலைமைப் பயிற்சியாளர் அதிகம் பேசமாட்டார். ஆட்டத்தின்போது டக்அவுட்டில் உட்காராமல் தேர்ட் பேஸ் பக்கத்துக் கட்டத்தில் தானே போய் நின்று, ஓடுகிறவனை நிறுத்துவதா விடுவதா என்று கையைச் சுழற்றிக்கொண்டிருப்பார். கல்லூரி ஆட்டத்தில் இது சாதாரணம். தவறு நடந்தால் எல்லோர் கண்ணும் படும் இடத்தில் தலைவரே நிற்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிட்சிங் பயிற்சியாளர் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளியின்மேல் மெத்தை வைத்து உட்கார்ந்திருப்பார். அடுத்து என்ன பந்து போட வேண்டும் என்று முடிவு செய்வது அவர்தான். மூன்று இலக்க எண் ஒன்றைக் கத்துவார். கேட்சர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து ‘உள்பக்கம், வேகப்பந்து’ என்று புரிந்துகொள்வார். அட்டை தினமும் மாறும். அச்சடித்து வெட்டுவது நான். ஒருநாள் பழைய அட்டையைக் கொடுத்துவிட்டேன். இரண்டு இன்னிங்ஸ் வரை எங்கள் பிட்சர் கேட்ட பந்தைத் தவிர மற்ற எல்லாம் போட்டான். டக்அவுட்டில் இருந்துகொண்டே பந்தை முடிவு செய்யும் இந்தப் பழக்கத்தைக் கல்லூரிகளில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஸ்கிப் பெர்ட்மன். மயாமியில் ரான் ஃப்ரேசரிடம் உதவியாளராக இருந்து, 1984இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1991 முதல் 2000 வரை ஐந்து முறை பட்டம் வென்றவர். எங்கள் வாளிக்காரர் அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் வாளியை விட்டு எழுந்துவிடுவார்.

மூன்றாமவர் என்னை வேலைக்கு எடுத்த பேட்டிங் பயிற்சியாளர். பள்ளிக்கூடப் பையன்களைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பும் அவருடையது. வாரத்தில் பாதி நாள் யாரோ ஓர் ஊரின் உயர்நிலைப் பள்ளி வேலியோரம் நின்றுகொண்டிருப்பார். உதவித்தொகைக் கணக்கும் அவர் தலைமேல்தான். அப்போது மொத்த அணிக்கும் 11.7 முழு உதவித்தொகைதான். அதைப் பல பேருக்குக் கூறு போட வேண்டும். ஒரு பையனின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, ‘உங்கள் மகன் எங்களுக்கு மிகவும் முக்கியம், முப்பது சதவீதம் தருகிறோம்’ என்று முகம் சுளிக்காமல் சொல்வது ஒரு கலை என்பார்.

நான்காமவர் தன்னார்வலர். சம்பளம் வாங்காதவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், வாங்கக் கூடாதவர். விதி அப்படி. மற்ற மூவரோடு அதே ஆறு மணிக்கு வந்து அதே பத்து மணிக்குப் போவார். கோடையில் சிறுவர்களுக்கு நடக்கும் முகாம்களிலும் தனி வகுப்புகளிலும் வந்த பணம்தான் அவர் வருமானம். மனைவி பள்ளி ஆசிரியை. வீட்டுக்கு மருத்துவக் காப்பீடு அந்த வேலையில் வந்தது. வெளியூர் போய் ஆள் எடுக்கவும் அவருக்கு அனுமதி கிடையாது. ஆகவே எப்போதும் மைதானத்திலேயே இருந்தார். பன்னிரண்டு வருடமாக இன்ஃபீல்டர்களுக்குப் பந்து அடித்துக்கொண்டிருந்தார். எல்லோரையும் ‘பட்’ என்று கூப்பிடுவார். நம் ஊரில் பெயர் தெரியாத பையனைத் ‘தம்பி’ என்பது போல. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து பட்டம் வாங்கிக் கொடுத்த ராட் டெடோ எல்லோரையும் ‘டைகர்’ என்று கூப்பிட்டாராம். பெயர் மறந்தாலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதுவே வழி என்று இவர் வியாக்கியானம் சொன்னார். டெடோ சொந்தமாக லாரி கம்பெனி வைத்திருந்ததால் பயிற்சிக்கு வருடத்துக்கு ஒரு டாலர்தான் சம்பளமாக எடுத்துக்கொண்டார் என்பதையும் இவரே சொன்னார். “என்னைவிட ஒரு டாலர் அதிகம்.”

நான் அவரை நேரில் ‘கோச்’ என்றேன். மனசுக்குள் வாத்தியார்.

அவர் கையில் இருந்த மட்டைக்கு ஃபங்கோ என்று பெயர். பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எதையும் நம்ப வேண்டாம். ஆட்டத்தில் பிடிக்கும் மட்டையைவிட நீளம், ஆனால் ஒல்லி. கல்லூரிப் பையன்களின் உலோக மட்டை 33 அங்குலம், 30 அவுன்ஸ் என்றால், இது 35 அங்குலத்துக்கு மேல் நீண்டு, எடை 22 அவுன்ஸுக்குள் நிற்கும். ஒரு கை பிடித்து வீசலாம். எறிந்து வரும் பந்தை இதனால் அடித்தால் ஒடிந்துபோகும். தானே தூக்கிப் போட்ட பந்துக்கு மட்டுமே ஆன மட்டை. அதாவது பயிற்சியாளருக்கென்றே ஒரு மட்டை. ஆட்டக்காரன் யாரும் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

செப்டம்பரில் ஒரு மாலை, எல்லோரும் போன பிறகு பந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாத்தியாருடைய ஃபங்கோ வேலியில் சாய்ந்திருந்தது. எடுத்தேன். இருபது வருட கிரிக்கெட் கை, பந்தைத் தூக்கிப் போட்டு ஓங்கி ஒன்று வைத்தேன். மட்டையில் படவில்லை. இரண்டாவதும் படவில்லை. மூன்றாவது பட்டு, பின்னால் போய் வலையில் மாட்டியது. திரும்பிப் பார்த்தால் வாத்தியார் டக்அவுட் படியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

“மட்டையை வச்சிரு, பட். பந்தை மட்டும் எடு.”

ஒரு மாதம் மட்டையே கிடையாது. இடது கையால் பந்தைத் தலை உயரத்துக்குத் தூக்கிப் போட வேண்டும். முன்காலுக்கு ஓர் அடி தள்ளி, செம்மண்ணில் அவர் ஷூ நுனியால் கீறிய வட்டத்துக்குள் விழ வேண்டும். வட்டம் ஒரு தோசை அளவு. தினம் துணி காய்கிற நேரத்தில் நூறு முறை போடுவேன். தொண்ணூறு உள்ளே விழுந்த நாளன்று போய்ச் சொன்னேன். வட்டத்தை இட்லி அளவுக்குச் சுருக்கிவிட்டுப் போய்விட்டார். மட்டை வீசுவது யாருக்கும் வரும், போடுகிற கைதான் அடிக்கிறது என்பது அவர் கட்சி. மட்டை கையில் வந்தபோது அது உண்மை என்று தெரிந்தது. பந்து அந்தந்த இடத்தில் இருந்தால் மட்டைக்கு யோசிக்க எதுவும் இல்லை: பந்தின் மேல்பாதியைத் தொட்டால் தரையோடு ஓடும், நடுவைத் தொட்டால் நேர்கோடு, அடிப்பாதியைச் சீவினால் ஏறும்.

தரைப்பந்து வந்துவிட்டது என்று நான் நினைத்த நாளில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஒரு வாளியை வைத்து இருபது அடித்துக் காட்டினேன். பதினாலு வாளியில் பட்டது. பாராட்டுக்குக் காத்து நின்றேன்.

“ஆள் நிக்கிற இடத்துக்கு அடிக்க நீ எதுக்கு? சுவர் போதுமே.”

அவர் அடிப்பதை அதன் பிறகுதான் ஒழுங்காகக் கவனித்தேன். எவனுக்கும் நின்ற இடத்துக்குப் பந்து போகவில்லை. ஒருவனுக்கு இடதுபக்கம் மூன்று எட்டு. ஒருவனுக்கு வலதுபக்கம் இரண்டரை. கையை நீட்டினால் கையுறையின் நுனியில் படும், அல்லது படாது. தொடர்ந்து நான்கு பந்தைப் பிடித்துவிட்டால் ஐந்தாவது அரை அடி தள்ளிப் போகும். இரண்டைத் தொடர்ந்து விட்டால் மூன்றாவது கொஞ்சம் பக்கத்தில் வரும், அவனுக்கே தெரியாமல். ஞாயிற்றுக்கிழமைக்குள் வெள்ளி, சனி இரண்டு ஆட்டம் முடிந்து கால் கனத்திருக்கும். அன்று எல்லோருடைய எல்லையும் சுருங்கும், அவர் பந்தும் சுருங்கும். தேர்வு வாரத்தில் இன்னும் சுருங்கும். ஒவ்வொருவனுக்கும் அன்றைக்கு எவ்வளவு எட்டும் என்ற அளவு அவர் தலைக்குள் இருந்தது. அந்த அளவுக்கு ஓர் அடி அப்பால் பந்தை வைப்பதுதான் அவர் தொழில். இதற்காகவே ஒரு மனிதன் பன்னிரண்டு வருடம் சம்பளமில்லாமல் நிற்கிறானே என்று முதலில் வியப்பாக இருந்தது. பிறகு பொறாமையாக இருந்தது.

நான் என் வழியில் அதைப் பிடிக்கப் பார்த்தேன். மூன்று வாரம், அவர் அடித்த ஒவ்வொரு பந்தும் எங்கே போனது, பிடித்தானா விட்டானா என்று குறித்து அட்டவணை போட்டேன். ஒவ்வொருவனுடைய எல்லையையும் வண்ணம் தீட்டிய படமாக அச்சடித்து அவரிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. அதில் நான் தேடாத ஒன்றும் இருந்தது: ஷார்ட்ஸ்டாப்புக்கு அவர் அடித்த 212 பந்தில், அவனுக்குப் பின்கையாகப் பிடிக்க வேண்டிய பக்கம் போனவை 61தான். தன்னையறியாமல் பெரும்பாலும் ஒரு பக்கமே அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தத் தாளை மட்டும் மடித்துப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். மறுநாள் ஷார்ட்ஸ்டாப் பையன் பின்கைப் பக்கம் பாய்ந்து பாய்ந்து நாக்குத் தள்ளிப்போனான். ‘கோச்சுக்கு இன்னைக்கு என்ன ஆச்சு?’ என்று என்னிடம் கேட்டான். தெரியாது என்றேன்.

நவம்பரில் ஒரு விபத்து. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். அதற்குள் செகண்ட் பேஸ் பையன்களுக்கு அடிக்க என்னை விட்டிருந்தார்கள். நான் அடிப்பேன், அவன் பிடித்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிவான். நல்ல வேகம் பிடித்திருந்தது. கையில் தாளம் வந்துவிட்ட சுகத்தில் இருந்தேன். ஃபர்ஸ்ட் பேஸ்காரன் முந்தைய பந்தை வாளியில் போடத் திரும்பியிருந்ததைப் பார்க்காமல் அடித்துவிட்டேன். செகண்ட் பேஸ்காரனும் பார்க்காமல் எறிந்துவிட்டான். கழுத்தெலும்புக்குக் கீழே. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எலும்பு முறியவில்லை, ஆனால் மூன்று வாரம் அந்தப் பையன் கை தூக்கவில்லை. தலைமைப் பயிற்சியாளர் வந்தபோது, நான் வாய் திறப்பதற்குள் வாத்தியார், “என் பொறுப்பு, என் தப்பு” என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். இரண்டு வாரத்துக்கு என் பெயர் பயிற்சித் தாளில் துணி துவைக்கும் வரியில் மட்டும் இருந்தது. வாத்தியார் இதைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “நாலு கண்ணும் உன் கண்ணைப் பார்க்காம பந்தைக் கையிலிருந்து விடாதே.”

பயிற்சித் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நால்வரும் அங்கங்கே நின்று பொழுது போக்குவதாகத்தான் தோன்றும். டக்அவுட் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு பக்கத் தாள், நிமிடக் கணக்கில். 2:10 முதல் 2:22 வரை யார் எங்கே, எத்தனை பந்து, யார் அடிப்பது. விதிப்படி ஆட்டக்காரனுக்கு வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் பயிற்சி. ஆகவே ஒருவனும் சும்மா நிற்க முடியாது. பேட்டிங் பயிற்சி நடக்கும்போதே, பிளேட்டுக்கு இரண்டு பக்கமும் ஃபங்கோக்காரர்கள் நின்று இன்ஃபீல்டர்களுக்கு அடிப்பார்கள். நடுவில் உலோக மட்டை டங்கென்று அடித்த பந்து பறக்கும். அது கடந்த பின், அடுத்த பந்து எறியப்படுவதற்கு முன், அந்த இடைவெளியில் இடதுபக்கத்து ஃபங்கோ. அடுத்த இடைவெளியில் வலதுபக்கத்து ஃபங்கோ. இரண்டு பந்து ஒரே நேரத்தில் ஒருவனை நோக்கிப் போனால் பல் போகும். யாரும் எண்ணிக்கை சொல்வதில்லை. டங், டக், டங், டொக். தவில்காரரும் நாதஸ்வரக்காரரும் முகம் பார்க்காமலே ஒருவருக்கொருவர் இடம் விடுகிற மாதிரி. எனக்கு அந்த இடைவெளிக்குள் நுழைய ஜனவரி ஆகிவிட்டது.

முதல் வருடப் பையன் ஒருவன் தேர்ட் பேஸில் இருந்தான். நல்ல கை, ஆனால் கையுறையை மேலே வைத்துக்கொண்டு கடைசி நொடியில் கீழே இறக்குவான். தாழ்ந்து வரும் பந்தெல்லாம் அடியில் நழுவிப்போகும். “நான் என்ன தப்பு பண்றேன்?” என்று என்னைக் கேட்டான். எனக்குத் தெரியும். விதிப்புத்தகம் குறுக்கே நின்றது. வாத்தியாரிடம் போனேன்.

“நீ வாயைத் திறந்தா அது விதிமீறல். மட்டையைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லை.”

மறுநாள் அவனுக்கு மெதுவான பந்துகளாக நாற்பது அடித்தேன். எல்லாம் புல்லும் மண்ணும் சேரும் விளிம்பைத் தொட்டுத் தவழ்ந்து வருபவை. கையுறை மண்ணைத் தொட்டுக்கொண்டே வந்தால்தான் பிடிக்க முடியும். பத்துப் பந்து வரை திட்டினான். முப்பதாவது பந்துக்கு அவனுடைய கையுறை பந்து மட்டையை விடுவதற்கு முன்பே கீழே இருந்தது. என்ன மாறியது என்று அவனுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்றிரவு துணி துவைத்தபோது அவனுடைய கையுறை உள்ளுறையை மட்டும் தனியாகத் துவைத்தேன்.

வெளியூர் ஆட்டம் முடிந்து பேருந்தில் திரும்பும் இரவுகளில் வாத்தியார் கதை சொல்வார். பெரும்பாலும் பயிற்சியாளர்கள் கதை; ஆட்டக்காரர்களைப் பற்றி அவருக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாற்பது சீசன் தலைமைப் பயிற்சியாளராக இருந்து 2,029 வெற்றி பெற்று, பதினேழு முறை ஒமாஹா போய், ஒருமுறைகூடப் பட்டம் வாங்காமல் 2019இல் ஓய்வு பெற்ற மைக் மார்ட்டினைப் பற்றிச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். அவருக்கு மிகவும் பிடித்தது 2004 கதை. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தை 1979, 1984, 1995 என்று மூன்று முறை சாம்பியன் ஆக்கியவர் ஆகி கரிடோ. அவரிடம் ஆடி, பிறகு அவரிடமே உதவியாளராக நின்றவர் ஜார்ஜ் ஹார்ட்டன். கரிடோ டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் ஃபுல்லர்டன் ஹார்ட்டன் கைக்கு வந்தது. 2004 சீசனில் ஃபுல்லர்டன் 15 வெற்றி, 16 தோல்வி என்று தள்ளாடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து எழுந்து ஒமாஹா இறுதிப் போட்டிக்கு வந்தால், எதிரே டெக்சஸ். எதிர் டக்அவுட்டில் குரு. சிஷ்யன் முதல் ஆட்டத்தை 6-4, இரண்டாவதை 3-2 என்று ஜெயித்துவிட்டார். அந்த இரண்டாவது ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் வெற்றி ரன்னை அடித்தவன் ஒரு கேட்சர், ஹவாயிலிருந்து உதவித்தொகை எதுவும் இல்லாமல் தானாக வந்து சேர்ந்தவன், கர்ட் சுசுகி. இந்த இடத்தில் வாத்தியார் எப்போதும் நிறுத்திவிட்டு, முன் இருக்கையில் தூங்கும் எங்கள் கேட்சரைக் காலால் ஒரு தட்டுத் தட்டுவார்.

2022 ஜூனில் ஒரு செய்தி எங்கள் அலுவலகத்தைக் கலக்கியது. மின்னசோட்டா ட்வின்ஸ் என்ற தொழில்முறை அணியின் பிட்சிங் பயிற்சியாளர் வெஸ் ஜான்சன், சீசன் நடுவிலேயே வேலையை விட்டுவிட்டு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்சியாளராகப் போகிறார். மேலே ஏறுகிறவர்களைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்; சீசன் நடுவில் உச்சியிலிருந்து கல்லூரிக்கு இறங்கி வந்தவரை எங்களில் யாரும் பார்த்ததில்லை. (மறு வருடம் அந்தக் கல்லூரிதான் பட்டம் வென்றது. இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் ஃப்ளோரிடாவிடம் 24-4 என்று நாறிப்போய், மறுநாள் 18-4 என்று திருப்பிக் கொடுத்தார்கள்.) வாளிக்காரர் நாள் முழுக்க ஃபோனில் இருந்தார். உதவிப் பயிற்சியாளர்களின் சந்தை எங்கே போகிறது என்று மூன்று பேரும் கதவைச் சாத்திப் பேசினார்கள். அந்த மதியம் மைதானத்தில், எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான நாற்பது சிறுவர்களுக்குக் கோடை முகாம். வாத்தியார் ஒவ்வொருவனுடைய ஷூ கயிறையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

கொடிக்கு வருகிறேன். தரைப்பந்துக்கு அப்பால் எல்லாமே வந்துவிட்டது, இது மட்டும் வரவில்லை. பந்தைத் தலைக்கு மேலே, வழக்கத்தைவிட உயரமாகப் போட வேண்டும். உடம்பைப் பின்னால் சாய்த்து, கிணற்றில் வாளி இழுப்பதுபோல மட்டையைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து, பந்தின் அடியை ஒரு மயிரிழை மட்டும் சீவ வேண்டும். கொஞ்சம் அதிகம் பட்டால் சென்டர் ஃபீல்டுக்குப் போகும். குறைந்தால் காலடியில் விழும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. அடி சீவப்பட்ட பந்து சுழன்றுகொண்டே ஏறுகிறது; அந்தச் சுழற்சி அதை ஏறும்போது ஒரு பக்கம் இழுத்து, இறங்கும்போது மைதானத்தை நோக்கித் திருப்பிவிடும். சில சமயம் வளையம்கூடப் போடும். ஆலன் நேதன் என்ற இயற்பியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2008இல் இதைக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். கேட்சர்கள் அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை, ஆனாலும் பந்து மேலே போனதும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடுவார்கள். பந்து தங்களைத் தேடி வரும் என்று அந்த முதுகுக்குத் தெரியும்.

2023 ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. தன்னார்வலர் என்ற அந்தப் பிரிவையே எடுத்துவிட வாக்களித்தது. ஜூலை 1 முதல் நான்காம் நபருக்கும் சம்பளம் தரலாம். செய்தி வந்தபோது வாத்தியார் பிட்சர் மேட்டில் களிமண் இடித்துக்கொண்டிருந்தார். நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். திமிசுக்கட்டையைக் கீழே வைத்தார். “தரலாம்னு சொல்லியிருக்காங்களா, தரணும்னா?” என்றார். தரலாம் என்றேன். திரும்பவும் எடுத்து இடிக்க ஆரம்பித்தார்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, வார நடுவில் வரும் ஆட்டம். பேட்டிங் பயிற்சியாளர் ஆள் பிடிக்க வெளியூர் போயிருந்தார். வாத்தியாருக்கு முந்தின நாள் விலா தசை பிடித்திருந்தது. தரையில் அடிக்கலாம், மேலே தூக்க முடியாது. கடைசிப் பந்து வந்ததும் ஃபங்கோவை என்னிடம் நீட்டினார். இரண்டு அணியும் பார்க்கிறது. முதல் வீச்சு காற்றில் போனது. எதிரணி டக்அவுட்டிலிருந்து ஒருவன் ‘ஸ்ட்ரைக் ஒன்!’ என்றான். இரண்டாவது, எங்கள் டக்அவுட் கூரையில் விழுந்து உருண்டது. மூன்றாவது ஏறியது. அழகாக ஏறியது. நேர் மேலே, நினைத்த உயரம், பிளேட்டிலிருந்து இம்மி விலகாமல். கேட்சர் நின்ற இடத்திலேயே நின்று, பழம் பறிப்பதுபோலப் பிடித்தான். எல்லோரும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். மூன்று பேர் என் தலையில் தட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாத்தியார் மட்டையை வாங்கிக்கொண்டு, “அவன் காலே நகரலையே, பட்” என்றார்.

மே மாதக் கடைசி ஹோம் ஆட்டம். நான் பட்டம் வாங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. சீசன் முடியும்வரை இருந்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். வாத்தியாரின் விலா எப்போதோ சரியாகிவிட்டது. ஆனாலும் தரைப்பந்து வரிசை முடிந்ததும் அவர் விலகிக்கொண்டார். பந்தைப் போட்டேன். நேர் மேலே அடிக்கவில்லை. பின்வலைக்கு ஓர் எட்டு இந்தப் பக்கம், அவனுக்கு எட்டும் இடத்துக்கு ஓர் அடி அந்தப் பக்கம். மாலை வெயில் அந்தத் திசையில் இருந்தது. கேட்சர் முகமூடியை எறிந்தான், முதுகைத் திருப்பினான், இரண்டு எட்டு, நான்கு எட்டு, தோளில் வலை உரசியது, பந்து மைதானத்தை நோக்கி வளைய ஆரம்பித்தது, அவன் அப்படியே பின்பக்கமாகச் சரிந்து கையை நீட்டினான். கையுறையின் விளிம்பில் பட்டு, துள்ளி, மண்ணில் விழுந்தது.

அணி முழுக்க ஊளையிட்டது. எதிரணியும் சேர்ந்துகொண்டது. கிழவர்கள் தொப்பியைக் கழற்றி வீசினார்கள். கேட்சர் மண்ணில் படுத்தபடி என்னைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் சிரித்தான். நான் வாத்தியாரைப் பார்த்தேன்.

“அது நல்ல பந்து” என்றார். பின்பாக்கெட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து என் பக்கம் போட்டார். பிடிக்காமல் யாரும் உள்ளே ஓடக் கூடாதே.

கேட்சர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, முகமூடியைத் தேடி எடுத்து மாட்டினான். நான் அவன் கண்ணைப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.